தாளின் ஏழாவது வரி

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து அழுவதைவிட எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவர் கோர்ட்டில் எழுத்தர். எழுதி வைத்ததுதான் அவருக்கு நடந்தது, எழுதாதது நடக்காதது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளியும் நான்தான் நடத்துகிறேன். அங்கே எனக்கு ஆட்டு இதயம் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் ஒன்று முழுசாக வாங்கி, கழுவி, பீங்கான் தட்டில் வைத்துப் பிள்ளைகள் முன்னால் பிளந்து காட்டுவேன். வால்வுகளை இடுக்கியால் தூக்கிப் பிடிப்பேன். இந்தப் பக்கம் திறக்கும், அந்தப் பக்கம் திறக்காது. மெல்லிய நரம்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிய கதவு. "ஒரு கதவைப் பார்த்தா தச்சன் இருந்தான்னு தெரியுதுல்லா? இந்தக் கதவைச் செஞ்சது யாரு?" என்று கேட்பேன். "ஆண்டவர்" என்று கூரை அதிரக் கத்துவார்கள். எப்படியும் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிடும். அன்றைக்கு எங்கள் வீட்டில் கறி கிடையாது, வீட்டுக்காரர் தொடமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் பரிணாமம் நடத்துவேன், சபையில் படைப்பு நடத்துவேன். இரண்டுக்கும் என் மனதில் சண்டை வந்ததே இல்லை. படைத்தவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரிந்துகொள்ளும் வழிதான் விஞ்ஞானம் என்று நம்பினேன். ஒரு இலையைக் காட்டினால் அரை மணி நேரம் ஆண்டவரைப் பற்றிப் பேசுகிற ஆள் நான்.

போன வருஷம் ஆனி மாதம் பள்ளிக்கூட மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. உடம்பு பெருத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு படுத்தால் இருமல், உட்கார்ந்தால் சரியாகிவிடும். மூன்று தலையணை வைத்துப் படுத்தேன். கால் வீங்கிச் செருப்பு ஏறாமல் போனதும் வீட்டுக்காரர் ஆட்டோ கூட்டி வந்து நிறுத்தினார்.

எக்கோ என்பது வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் போன்றதுதான். நெஞ்சில் பசை தடவி, கருவியை அழுத்தி, இதயம் அடிப்பதைத் திரையில் பார்ப்பார்கள். நானும் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அத்தனை வருஷம் இடுக்கியால் தூக்கிக் காட்டிய அதே கதவு. என்னுடையது மழைக்காலத்து மரக்கதவு மாதிரி ஊதி இறுகிக் கிடந்தது. பாதிகூடத் திறக்கவில்லை, சரியாக மூடவும் இல்லை.

டாக்டர் இளவயசுக்காரர், நெற்றியில் திருநீறு. எனக்குச் சிறுவயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமும் வந்ததா என்று கேட்டார். வந்திருக்கிறது. அந்தத் தொண்டைக் கிருமியின் மேல்தோலும் இதய வால்வின் தோலும் கொஞ்சம் ஒரே சாயல். கிருமியை அடிக்க உடம்பு கிளப்பிவிட்ட காவல்காரர்கள் ஆள் தெரியாமல் வால்வையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். அடிபட்ட இடம் தழும்பாகி, தழும்பு வருஷக்கணக்கில் இறுகி, ஐம்பது வயதில் மூச்சு முட்டும். ருமாட்டிக் இதய நோய் என்று பெயர். இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன், இரண்டு மதிப்பெண் கேள்வி.

பலூன் விட்டு விரிக்கும் கட்டம் தாண்டிவிட்டது, வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைக்க வேண்டும் என்றார். நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? பிழைப்பேனா, எத்தனை நாள் படுக்கை, இதைத்தான். நானோ கதவைச் செய்தவனே அதை உடைக்கிற காவல்காரனையும் ஏன் வைத்தான் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு சிரித்தார்.

"டீச்சர், உள்ள திறந்து பார்க்கிறவன் நான். யோசிச்சு ஒரே மூச்சுல கட்டின வீடு மாதிரி எனக்குத் தெரியல. பழைய வீட்டுல அப்பப்ப ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வந்த மாதிரிதான் இருக்கு. ஒழுகத்தான் செய்யும்."

எனக்குக் கோபம் வந்தது. திருநீறு பூசிக்கொண்டு இப்படிப் பேசுகிறாரே என்று வீட்டுக்காரரிடம் பொருமினேன். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். அறுவை சிகிச்சையைப் பற்றிய பயம் பாதி. அத்தனை பிள்ளைகளிடம் சொன்னது பொய்யாகிவிடுமோ என்ற பயம் பாதி.

பெண்கள் வார்டில் என் பக்கத்துக் கட்டில் பேச்சியம்மாள். சீவலப்பேரிக்காரி, இருபத்தாறு வயது, நடவு வேலைக்குப் போகிறவள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மூச்சு முட்டத் தொடங்கி, வயலில் மயங்கி விழுந்திருக்கிறாள். எனக்கு வந்த அதே நோய். அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் அவளுக்கு ஆபரேஷன். நாலு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். புருஷன் சுடலைமுத்து பெண்கள் வார்டுக்குள் வரக் கூச்சப்பட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். சோறு வாங்கி வந்தால் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார்.

சோதனைகளுக்குக் காத்திருப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. ஒரு நாள் ரத்தம், ஒரு நாள் பல் டாக்டர். பல்லில் கிருமி இருந்தால் புது வால்வுக்குப் போய்விடும் என்று எனக்கு இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு நாள் ஆஞ்சியோகிராம், கையில் மெல்லிய குழாய் விட்டு இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது. வீட்டுக்காரர் ஒவ்வொரு தாளையும் ஓட்டை போட்டு, டேக் கட்டி, பக்க எண் எழுதி, கோர்ட்டுக் கட்டு மாதிரியே வைத்திருந்தார். நர்சுகள் கிண்டல் செய்தார்கள். பேச்சியின் தாள்கள் மஞ்சள் பையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அவளுக்கும் ஒரு கட்டுப் போட்டுக் கொடுத்தார். அதை அவள் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள்.

வாய் சும்மா இருக்குமா எனக்கு? அவளுக்கும் இதயக் கதவுப் பாடத்தை நடத்தினேன். ஆரஞ்சுத் தோலை மடித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப எனக்கு மட்டும் கதவக் கோணலா மாட்டிட்டாரா டீச்சர் ஒங்க சாமி?"

இல்லை, அது கிருமி செய்த வேலை என்றேன்.

"கிருமிய யாரு செஞ்சா?"

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் உண்டு. அவளுக்கோ உதடு நீலம் பாய்ந்திருந்தது. பைய படு, பேசினால் மூச்சு வாங்கும் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அதில் பெரிய மனக்குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர் அம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து மணிக்கட்டில் கட்டியிருந்தாள். அம்மனுக்கு இஷ்டம் இருந்தால் விடுவாள், இல்லையென்றால் எடுத்துக்கொள்வாள் என்றாள். சாமி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு வரவே இல்லை. எனக்குத்தான் தினமும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஆபரேஷனைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சின் நடுவில் பாறாங்கல் வைத்த பாரம். எல்லாவற்றையும்விடக் கொடுமை தாகம். நனைத்த பஞ்சை உதட்டில் ஒற்றுவார்கள், அவ்வளவுதான். பிறகு அந்தச் சத்தம். உலோக வால்வு திறந்து மூடும்போது டிக், டிக் என்று கேட்கும், வெளியே இருப்பவர்களுக்குக்கூடக் கேட்கும். கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் இருப்பான் என்பது ஓய்வுநாள் பள்ளியில் எனக்குப் பிடித்த இன்னொரு வாதம். இப்போது எனக்குள்ளேயே ஒரு கடிகாரம். செய்தவர்களின் பெயரும் வரிசை எண்ணும் அட்டையாக என் கைப்பையில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து பேச்சியும் ஐ.சி.யூ.வுக்கு வந்தாள். குழாயை எடுத்த பிறகு அவள் முதலில் சொன்னது, "எனக்குள்ள பல்லி கத்துது டீச்சர். நல்ல சகுனமா கெட்ட சகுனமான்னு தெரியலயே." சிரிப்பு வந்தால் தையல் பிய்வது போல வலிக்கும். இருமும்போது நெஞ்சில் அழுத்திக்கொள்ளக் கொடுத்த தலையணைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

ஒரே நாளில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில், பத்துப் பன்னிரண்டு வரி. உலோக வால்வின் மேல் ரத்தம் கட்டியாக உறைய வாய்ப்பு அதிகம். அதனால் உறைதலைக் குறைக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கத் தினம் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும், இப்படி. நர்ஸ் தமிழில் சொல்லத்தான் செய்தார். ஆனால் ஆறேழு நோயாளிகளை ஒன்றாக நிறுத்தி வைத்துச் சொன்னார். பேச்சி தாளை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள்.

"நர்சம்மா கீரை பாத்துத் திங்கணும்னு சொல்லுதாவ. பெரியாஸ்பத்திரியில ரத்தம் ஊறணும், கீரை தின்னு கீரை தின்னுன்னுதானே சொன்னாவ. வீட்டுல முருங்கை நிக்கி. நான் என்னத்த செய்ய டீச்சர்?"

நான் வாசித்தேன். ஏழாவது வரி. கீரை வகைகளைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. முருங்கைக்கீரையில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஏழை வீட்டுக் கொல்லையில் தண்ணீர் ஊற்றாமலே நிற்கிற மரத்தில் இத்தனை சத்தை ஏன் வைத்தார், யாருக்காக வைத்தார் என்று எத்தனையோ முறை பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அப்போது நான் சொன்ன வார்த்தை இதுதான்.

"இது வெள்ளைக்காரன் தட்டுத் தட்டா பச்சை இலை திங்குறதுக்கு எழுதினது. நம்ம முருங்கை ஒன்னும் செய்யாது. கடவுள் ஒன் கொல்லையில வச்சது ஒனக்குத்தான். நல்லா சாப்பிட்டு ரத்தம் ஏறி வா."

அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. முதல் வாரமே கீரை கேட்டேன். வீட்டுக்காரர் கட்டைப் பிரித்து ஏழாவது வரியைக் காட்டினார். இதெல்லாம் சும்மா பொதுவாக எழுதுவது என்றேன். "எழுதியிருக்கே" என்றார். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே கரண்டி. அளந்து போட்டார்.

எங்கள் சபையில் நோய் தீர்ந்து வந்தவர்கள் ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். ஆண்டவர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பார்கள். நான் நன்றாகவே பேசினேன். மனிதன் செய்த வால்வே இவ்வளவு அருமை என்றால் அவர் செய்தது எவ்வளவு அருமை என்றேன். என் பக்கத்துக் கட்டிலில் கிடந்த சீவலப்பேரி ஏழைப் பெண்ணையும் அவர் கைவிடவில்லை, அவளும் சுகமாக வீடு திரும்பினாள் என்றேன். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. வெளியே வந்தபோது மூன்று பேர் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போனேன். ஐ.என்.ஆர். என்று ஒரு எண் பார்ப்பார்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதற்கான கணக்கு. குறைந்தால் உறைந்துவிடும், கூடினால் கசியும். எனக்குச் சரியாக இருந்தது. பேச்சிக்கும் அன்றுதான் முறை என்று அவளைத் தேடினேன். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது, கொண்டுவந்து சேர்க்கும்போதே பேச்சு இல்லை என்றார். அவள் சுகமாக இருப்பதாக நான் சபையில் சொன்னபோது அவளுக்குப் பத்து நாள் காரியம் முடிந்திருந்தது.

டாக்டரிடம் கீரை விஷயத்தைச் சொன்னேன். காரணம் இன்னதுதான் என்று சொல்ல முடியாது என்றார். மாத்திரை இரண்டு நாள் விட்டிருக்கலாம், இடையில் ஒரு பரிசோதனைக்கு அவள் வரவில்லை, கீரையும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறாரா, உண்மையே அதுதானா என்று தெரியவில்லை. வைட்டமின் கே ரத்தத்தை உறைய வைக்கும், அது கீரையில் நிறைய இருக்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். இந்த மாத்திரை அந்த வைட்டமினைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. கீரை திடீரென்று கூடினால் மாத்திரை தோற்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டியதில்லை, என் பத்தாம் வகுப்புப் பிள்ளை போதும். எனக்குத் தெரியாமல் நான் சொல்லவில்லை. படைப்பில் கெடுதல் இருக்காது என்ற ஆசையில், தெரிந்ததைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் சபைக்குப் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் அவள் கேட்ட இரண்டு கேள்விதான் வரும். வீட்டுக்காரர் வற்புறுத்தவில்லை. தினமும் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சுடலைமுத்துவிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். சொன்னால் அந்த மனுஷன் தாங்குவாரா என்று கேட்டார். சொல்லாமல் நான் தாங்கமாட்டேன் என்றேன். போன மாதம் டவுன் பஸ் ஏறி இரண்டு பேரும் சீவலப்பேரி போனோம்.

சுடலைமுத்து எங்களைப் பார்த்ததும் நாற்காலி இரவல் வாங்க ஓடினார். பிள்ளை ஆச்சியோடு குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். டீச்சருக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்தார். நான் உட்காரவே இல்லை. கொல்லை வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"தாளை நான்தான் வாசிச்சேன். கீரை அளவாத்தான் திங்கணும்னு எழுதியிருந்தது. நான்தான் ஒன்னும் செய்யாது, நல்லா தின்னுன்னு சொன்னேன். அவ என்னை நம்பினா."

 அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ கீரையே திங்கமாட்டா டீச்சர். சின்னதுலருந்தே ஆகாது. கொமட்டும். நீங்க மனச ஒலட்டிக்கிடாதிய."

கொல்லை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் முருங்கை மரம் கண்ணில் பட்டது. உச்சியில் கீரை அடர்ந்து கிடந்தது. கீழே, ஒரு பெண் கையைத் தூக்கினால் எட்டும் உயரம் வரை, கிளையெல்லாம் மொட்டை. ஒடித்த இடங்களில் துளிர் வந்திருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அது ஆடு தின்னது டீச்சர்" என்றார்.

ஆடு கடித்தால் கிளை கிழியும், பட்டை உரியும். இது கணுவோடு சேர்த்து நறுக்கென்று ஒடித்தது, கை ஒடித்தது. வேலையைப் பார்த்து வேலை செய்தவரைக் கண்டுபிடிக்கிற பாடத்தை இத்தனை வருஷம் நடத்தியவளுக்கு இதைச் சொல்ல ஒருவரும் வேண்டியதில்லை. அந்தக் கொல்லையில் ஆடு இல்லை. ஆடு கட்டும் முளைகூட இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் கலங்கியிருந்தது, நான் நம்ப வேண்டுமே என்று கெஞ்சுவது போல இருந்தது.

"ஆமாய்யா, ஆடுதான்" என்றேன்.